கோயில் பேட்டரி யாருக்கு? மண்டப ஏர்கோன் பற்றி தொண்டர்கள் சொல்ல வேண்டியது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வர்றவங்க கண்டிப்பா படிச்சிட்டு வாங்க.

கூட்ட நிரலில் ஆறாவது விஷயமா ஒண்ணு போட்டிருக்காங்க: "மண்டபத்துக்குக் கண்ணாடிக் கதவு அமைத்து, 2 எச்பி ஏர்கோன் இரண்டு பொருத்துதல்." கட்டட நிதியில இருக்கிற 45,000 வெள்ளியிலிருந்து இதற்கு எடுக்கப் போறாங்களாம். கைதூக்கிட்டா முடிஞ்சுபோச்சு. அதனாலதான் கைதூக்குவதற்கு முன்னாடி நாங்க பேசறோம்.

நாங்க யாருன்னு கேட்டா, சனிக்கிழமை காலையில கூரை மேல ஏறி சோலார் பலகையைக் கழுவுறவங்க. அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கிறவங்க. ராத்திரி பூசை முடிஞ்சு கடைசியா சுவிட்ச் அணைச்சு கேட்டைப் பூட்டுறவங்க. நிர்வாகத்தில இருக்கிற ஐயாக்கள் மேல எங்களுக்கு மரியாதை உண்டு. அவங்க உழைப்பை நாங்க குறைச்சு சொல்லல. ஆனா இந்தத் தீர்மானம் தப்பு. ஏன் தப்புன்னு கணக்கோட சொல்றோம்.

முதல்ல ஒண்ணை எல்லாரும் ஞாபகத்துல வெச்சிக்கணும். நம்ம கோயிலுக்கு வெளிக் கரண்ட் கிடையாது. சுங்கைப்பட்டாணியிலிருந்து அரை மணி நேரம் செம்பனைக்குள்ள வரணும். தோட்டத்துல ஆள் இருந்த காலத்துல லயத்துக்கு வந்த கரண்ட் கோயிலுக்கும் வந்துச்சு. பால்மரம் போய் செம்பனை வந்து, தோட்டம் கைமாறி, சனங்க டவுன் பக்கம் தாமானுக்குக் குடிபோன பிறகு அந்த லைனும் போச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் ஜெனரேட்டர். தேவாரம் பாடறவங்க குரலை விட ஜெனரேட்டர் சத்தம்தான் அதிகம். அதை நிறுத்தத்தான் ஊரெல்லாம் சேர்ந்து, ஐந்து வெள்ளி பத்து வெள்ளியா போட்டு, சோலார் வெச்சோம்.

இப்ப நம்மகிட்ட இருக்கிறது இதுதான்: 550 வாட் பலகை எட்டு. மொத்தம் 4.4 கிலோவாட். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒண்ணு. 51.2 வோல்ட், 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி இரண்டு. இரண்டும் சேர்த்து சுமார் 10 யூனிட் பிடிக்கும். பேட்டரி நீண்ட நாள் உழைக்கணும்னா அதுல 80 விழுக்காடுதான் எடுக்கணும். அதாவது ஒரு ராத்திரிக்கு 8 யூனிட். அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. பக்கத்துல மீட்டர் கிடையாது, பில் கட்டி வாங்கிக்க முடியாது.

வெயில் எவ்வளவு தரும்? நம்ம நாட்டுல நல்லா வெச்ச பலகை, ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட்டிலிருந்து நான்கு யூனிட் வரைக்கும் தரும். வயர், இன்வெர்ட்டர், பேட்டரியில போற நஷ்டத்தையும் நினைச்சு மூன்றரைன்னே வெச்சுக்குவோம். 4.4 பெருக்கல் 3.5. நல்ல நாள்ல 15 யூனிட். மேகம் மூடின நாள்ல மூணுல ஒரு பங்கு வந்தாலே பெரிசு.

செலவு? எல்இடி விளக்கு இருபது, சாயங்காலம் ஆறு மணி நேரம்: 1.2 யூனிட். விடிய விடிய எரியற அஞ்சு விளக்கு: 0.6. மண்டபத்து ஃபேன் எட்டு, அஞ்சு மணி நேரம்: 2.4. தண்ணி பம்ப்: 1. சிசிடிவி கேமரா 24 மணி நேரமும்: 1. பாலும் பிரசாதமும் வைக்கிற ஃபிரிட்ஜ்: 1.2. மைக், ஸ்பீக்கர்: 0.6. இன்வெர்ட்டர் தானே தின்கிறது: 1.2. மொத்தம் 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. இதுல சூரியன் போனதுக்கப்புறம், பேட்டரியிலிருந்து எடுக்கிறது மட்டும் ஆறரை யூனிட்.

8 யூனிட் பேட்டரியில ஆறரை போச்சுன்னா மிச்சம் ஒன்றரை யூனிட். நல்ல வெயில் அடிச்ச நாள்ல, ராத்திரிக்கு நம்மகிட்ட இருக்கிற உபரி அவ்வளவுதான்.

இப்ப ஏர்கோன் கணக்குக்கு வாங்க. 2 எச்பி ஏர்கோன் ஒண்ணு முழு வேகத்துல ஓடினா சுமார் 1.8 கிலோவாட் இழுக்கும். இரண்டுக்கு 3.6. கல்யாணம், நிச்சயதார்த்தம்னு ராத்திரி ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் ஓட்டினா 14 யூனிட்டுக்கு மேல. கையில இருக்கிற உபரி ஒன்றரை, கேக்கிறது பதினாலு. ஏழு மணிக்கு முழு பேட்டரியோட ஆரம்பிச்சாலும், விளக்கு, ஃபேன், மைக் எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஒன்பது மணிக்குள்ள பேட்டரி காலி. இன்வெர்ட்டர் தன்னைத்தானே அணைச்சுக்கும். ஏர்கோன் மட்டும் நிக்காது. விளக்கு, கேமரா, பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாமே சேர்ந்து நிக்கும். அம்மனுக்கு எண்ணெய் விளக்கு எரியும், அவளுக்குக் கவலை இல்ல. இருட்டுல செம்பனைக்கு நடுவுல மாட்டிக்கிற நமக்குத்தான் கவலை. இங்க உண்டியலை ஒரு தடவை உடைச்சாங்க, மறந்துடாதீங்க. கேமரா அதுக்கப்புறம்தான் வெச்சோம்.

பேட்டரி மட்டுமா? இன்வெர்ட்டரைப் பாருங்க. அது தாங்குறது 5 கிலோவாட். ஏர்கோன் இரண்டும் 3.6. அந்த நேரத்துல விளக்கு, ஃபேன், மைக், மத்ததெல்லாம் சேர்ந்து ஒரு கிலோவாட். மொத்தம் 4.6 ஆச்சு. இந்த நேரத்துல சமையல்கட்டுல யாராவது பம்ப் சுவிட்ச் போட்டா 5.6. டிரிப் ஆகும். இதுல பழைய மாதிரி கம்ப்ரஸரா இருந்தா, அது கிளம்புற அந்த ஒரு நொடியில ஓடும்போது எடுக்கிறதை விட மூணு மடங்கு, அஞ்சு மடங்கு கூட இழுக்கும். "இன்வெர்ட்டர் டைப் ஏர்கோன்தான் போடப் போறோம், மெதுவா கிளம்பும்"னு விக்கிறவர் சொன்னாராம். சரி, அது உண்மைதான். கிளம்புற பிரச்சனை தீரும். ஆனா ஓடும்போது தின்கிற யூனிட் எங்கிருந்து வரும்? அதுக்கு அவர் பதில் சொல்லல. "கெபாசிட்டி கூட்டிக்கலாம்"னு மட்டும் சொன்னாராம்.

கூட்டிப் பார்ப்போமே. 14 யூனிட்டைக் கூடுதலா சேமிக்க, இப்ப இருக்கிற மாதிரி பேட்டரி இன்னும் நாலு வேணும். அதைப் பகல்ல நிரப்ப இன்னும் எட்டு ஒன்பது பலகை வேணும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் போதாது, பெரிசு வேணும். எங்களுக்குச் சொன்ன விலையில, பேட்டரி நாலு 19,200 வெள்ளி. பலகை, தாங்கி, வயரிங் 9,600. இன்வெர்ட்டர் 6,500. ஏர்கோன் இரண்டும் பொருத்துக் கூலியோட 6,800. கூட்டினா 42,100 வெள்ளி. இதுல கண்ணாடிக் கதவு சேரவே இல்ல. தீர்மானத்துல ஏர்கோனும் கண்ணாடியும் மட்டும் எழுதியிருக்காங்க. பேட்டரி, பலகை, இன்வெர்ட்டர் பத்தி ஒரு வரி கிடையாது. 6,800 வெள்ளின்னு சொல்லி கைதூக்க வெச்சிட்டு, அப்புறம் "இன்னும் 35,000 வேணும்"னு ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிட்டு வீடு வீடா யாரு போறது? நாங்கதானே?

சரி, பணமே பிரச்சனை இல்லன்னு வெச்சுக்குவோம். ஒரு புண்ணியவான் எல்லாத்தையும் உபயமா தர்றார்னே வெச்சுக்குவோம். அப்பவாவது மண்டபம் குளிருமா? குளிராது. இதையும் கணக்கோட சொல்றோம்.

நம்ம மண்டபம் நாற்பதுக்கு முப்பது. 1,200 சதுர அடி. நம்ம ஊர் சூட்டுக்கு ஒரு சதுர அடிக்கு 60 பிடியுன்னு ஏர்கோன் போடறவங்க ஒரு கைக்கணக்கு வெச்சிருக்காங்க. அதன்படி 72,000 பிடியு வேணும். 2 எச்பி ஏர்கோன் ஒண்ணு 18,000 பிடியு. இரண்டு சேர்த்து 36,000. சரியா பாதி. அதுவும் சீலிங் அடிச்ச, கதவு மூடின அறைக்கான கணக்கு. நம்மளுது உயரமான ஜிங்க் கூரை, சீலிங் கிடையாது.

இன்னொரு விதமா பாருங்க. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷன் உடம்பே சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடும். 120 பேர் உட்கார்ந்தா 12 கிலோவாட். இரண்டு ஏர்கோனும் சேர்ந்து வெளியேத்துற சூடு பத்தரை கிலோவாட். கூரையிலிருந்து இறங்குற சூட்டை விட்டுடுங்க, சமையல்கட்டு அனலை விட்டுடுங்க, வந்திருக்கிற சனங்களோட உடம்புச் சூட்டையே அந்த இரண்டு பெட்டியால வெளியேத்த முடியாது. இதுல காத்துல இருக்கிற ஈரத்தை வேற அது தண்ணியா வடிச்சு வெளியே விடணும். ஏர்கோன் வேலையில ஒரு நல்ல பங்கு அதுக்கே போயிடும்.

கண்ணாடி போட்டா இன்னொரு ஆபத்து. இப்ப மண்டபம் மூணு பக்கமும் திறந்திருக்கு. பெரியவங்க தெரிஞ்சுதான் அப்படிக் கட்டினாங்க. சாயங்காலம் செம்பனைப் பக்கமிருந்து காத்து வரும். கண்ணாடி அடைச்சா அந்தக் காத்து நின்னுபோகும். பேட்டரி காலியாகி ஏர்கோன் நின்ன அந்த நிமிஷத்திலிருந்து, ஏர்கோன் இல்லாத பழைய மண்டபத்தை விட மோசமான ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள 120 பேர் உட்கார்ந்திருப்போம். கற்பூரம், சாம்பிராணி, ஹோமப் புகை வேற. புகை போக கதவைத் திறந்தா குளிர் போயிடும். குளிர் நிக்க கதவை மூடினா புகை நின்னுடும். கோயில் மண்டபத்துல இது இரண்டுல ஒண்ணுதான் முடியும்.

இப்ப நிர்வாகத் தரப்பு சொல்ற வாதங்களுக்கு வர்றோம். எங்க காதுக்கு வந்ததை எல்லாம் நேர்மையா எடுத்து வைக்கிறோம்.

"டவுன்ல இருக்கிற கோயில் மண்டபங்கள்ல எல்லாம் ஏர்கோன் இருக்கே, நம்ம கோயில் மட்டும் ஏன் பின்தங்கணும்?" டவுன் கோயிலுக்கு வெளிக் கரண்ட் இருக்கு. மாசம் பில் வரும், கட்டுவாங்க. மழை பெஞ்சாலும் ஓடும், நடுராத்திரியும் ஓடும். அவங்க மண்டபத்தைப் பார்த்து நம்ம மண்டபத்துக்கு ஏர்கோன் போடறது, பக்கத்து வீட்டுக்காரர் குழாய்ல குளிக்கிறதைப் பார்த்து நம்ம தண்ணித் தொட்டியைத் திறந்து விடற மாதிரி. தொட்டியில எவ்வளவு இருக்குன்னு பார்த்துத்தான் மோளணும்.

"மண்டபத்தை வாடகைக்கு விடலாம், வருமானம் வரும்." யாருக்கு விடுவீங்க? ஒன்பது மணிக்கு கரண்ட் போற மண்டபத்துல யாரு கல்யாணம் வைப்பாங்க? ஒரு கல்யாணத்துல ஒரு தடவை விளக்கு அணைஞ்சா போதும், வாட்ஸ்அப்புல ஊரெல்லாம் போயிடும். அப்புறம் ஏர்கோன் இல்லாம இருந்தப்ப வந்த காதுகுத்து, வளைகாப்பு கூட வராது.

"மேகமா இருந்தா ஜெனரேட்டர் போட்டுக்கலாம்." எதை நிறுத்தணும்னு சோலார் வெச்சோமோ அதையே திரும்பக் கொண்டு வர்றதா? அஞ்சு கேவிஏ ஜெனரேட்டர் இந்தச் சுமையில மணிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் குடிக்கும். நாலு மணி நேரத்துக்கு எட்டு லிட்டர் வரைக்கும். தீபகற்பத்துல டீசலுக்கு இருந்த பொது மானியத்தை 2024 ஜூன் 10-ஆம் தேதி எடுத்துட்டாங்க. அன்னைக்கு லிட்டர் 3 வெள்ளி 35 சென் ஆச்சு. அதுக்கு முன்னாடி 2 வெள்ளி 15 சென். ஜெனரேட்டர் பேச்சை எடுக்கிறவங்க இதை மறந்துட்டுப் பேசறாங்க.

"வெயில் காலத்துலதானே ஏர்கோன் வேணும், அப்ப சோலாரும் நல்லா வருமே?" இது ஒண்ணுதான் நியாயமான வாதம். கெடாவுல ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் வறட்சி, நல்ல வெயில். பங்குனி உத்திரம் சமயத்துல பலகை நல்லா தரும். ஆனா வெயில் பகல்ல, நம்ம விசேஷம் ராத்திரியில. பகல்ல வர்றதை ராத்திரிக்குக் கொண்டு போறது பேட்டரி, அது 8 யூனிட்தான். நவராத்திரியைப் பாருங்க. ஒன்பது ராத்திரியும் கூட்டம். அது செப்டம்பர், அக்டோபர். கெடாவுக்கு அதுதான் நல்ல மழை. இப்பவே இரண்டு நாள் சேர்ந்தாப்ல மழை பெஞ்சா நாங்க ஃபிரிட்ஜை அணைச்சு, ஃபேனைப் பாதியாக்கி, பம்பை மத்தியானத்துக்கு மாத்தித்தான் ஒப்பேத்துறோம். கொலு பார்க்க வர்றவங்களுக்கு அது தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் நாங்க பார்த்துக்கிறோம்.

"நீங்க முன்னேற்றத்துக்கு எதிரி." இதையும் சொன்னாங்க. அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி சூட்டைப் பத்திப் பேசணும்.

சூடு உண்மை. அதை நாங்க மறுக்கல. நம்ம நாட்டிலேயே பதிவான அதிக வெப்பம் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9, பெர்லிஸ் சூப்பிங்ல. நமக்குப் பக்கத்து மாநிலம். மூணு நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரி வரைக்கும் போனா வானிலைத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடும். கெடாவுல மாவட்டங்களோட பேர் அந்தப் பட்டியல்ல வர்றது நமக்குப் புதுசில்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அன்னதானத்துக்கு வர்றது யாரு? டவுன்ல பிள்ளைகள் வேலைக்குப் போயிட்ட பாட்டிகள், தாத்தாக்கள். ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் மாத்திரை சாப்பிடறவங்க. ஜிங்க் கூரைக்குக் கீழ, மத்தியானம் ஒரு மணிக்கு, சுடச்சுட சாம்பார் ஊத்தும்போது அவங்க வேர்க்கிறதை நாங்கதான் பக்கத்துல நின்னு பார்க்கிறோம். அவங்களுக்குக் குளிர்ச்சி வேணும். நாங்க அதைத்தான் கேக்கிறோம்.

ஆனா தீர்மானத்துல இருக்கிற ஏர்கோன் அவங்களுக்கு இல்ல. வரைபடத்தைப் பாருங்க. இரண்டு பெட்டியும் மேடைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அதாவது முன்வரிசை நாற்காலிக்கு நேரா. முன்வரிசையில உட்கார்றது டத்தோ, ஒய்பி, நன்கொடையாளர். அவங்க வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாங்க, மாலை போட்டுக்குவாங்க, அரை மணி நேரத்துல கிளம்புவாங்க. அவங்களைக் குறை சொல்லல, வரட்டும், மரியாதை செய்வோம். ஆனா அந்த அரை மணி நேரத்துக்காக வருஷம் முழுக்க பாட்டி சாப்பிடற இடம் அப்படியே சூடா இருக்கணுமா?

இன்னொரு கூட்டம் இருக்கு, கூட்டத்துக்கு வந்து கைதூக்க முடியாத கூட்டம். செவ்வாய், வியாழன் ராத்திரி ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் டியூஷன் படிக்கிற நம்ம பிள்ளைங்க. இரண்டு ஆசிரியைகள் சம்பளம் வாங்காம வந்து சொல்லித் தர்றாங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு வேணும்கிறது நாலு விளக்கு, இரண்டு ஃபேன். மணிக்கு அரைக்கால் யூனிட்டுக்கும் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். திங்கட்கிழமை ராத்திரி யாரோ மண்டபத்தை வாடகைக்கு எடுத்து ஏர்கோன் ஓட்டி பேட்டரியைக் காலி பண்ணிட்டு, செவ்வாய்க்கிழமை மேகமா இருந்தா, அன்னைக்கு டியூஷன் கிடையாது. எஸ்பிஎம் எழுதற பிள்ளைகிட்ட "மண்டபம் குளிர்ந்துச்சு, அதனால உனக்கு இன்னைக்கு விளக்கு இல்ல"ன்னு யாரு சொல்லப் போறீங்க? சொல்றவங்க இப்பவே பேரைக் கொடுங்க.

சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போக மாட்டோம். எங்க மாற்றுத் திட்டம் இதோ.

முதல்ல கூரை. மண்டபச் சூடு மேலேயிருந்து வருது. ஜிங்க் தகரத்துக்குக் கீழ அலுமினியத் தாள் ஒட்டின காப்பு விரிச்சா, தகரத்திலிருந்து இறங்குற அனல்ல பெரும்பகுதி நம்ம தலைக்கு வராது. உச்சியில காத்துல சுத்துற உருண்டை வெண்டிலேட்டர் நாலு வெச்சா, மேல தேங்குற சூடான காத்து வெளியே போகும். அதுக்கு ஒரு சென் கரண்ட் வேண்டாம். காப்பும் கூலியும் 5,400, வெண்டிலேட்டர் 1,400.

இரண்டாவது ஃபேன். இப்ப இருக்கிற பழைய ஃபேன் ஒண்ணு 60 வாட். டிசி மோட்டார் ஃபேன் அதே காத்தை 30 வாட்டுக்குத் தரும். எட்டுக்குப் பதிலா பன்னிரண்டு போடுவோம். பன்னிரண்டு முப்பது 360 வாட். எட்டு அறுபது 480 வாட். நாலு ஃபேன் கூட, ஆனா கரண்ட் குறைவு. நல்ல காத்து உடம்புல பட்டாலே இரண்டு மூணு டிகிரி குறைஞ்ச மாதிரி இருக்கும். அதையும் அன்னதானப் பந்திக்கு மேல முதல்ல போடுவோம். பன்னிரண்டுக்கு 3,360.

மூணாவது, ஆமாம், ஏர்கோன். நாங்க ஏர்கோனுக்கு எதிரி இல்ல. மண்டபத்துக்குப் பக்கத்துல சும்மா சாமான் போட்டு வெச்சிருக்கிற பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறையைக் காலி பண்ணுவோம். சீலிங் அடிச்சு, கதவு இடுக்கை அடைச்சு, 1 எச்பி இன்வெர்ட்டர் டைப் ஏர்கோன் ஒண்ணு வைப்போம். 144 சதுர அடிக்கு அது சரியான அளவு. அறை வேலை 1,500, ஏர்கோன் பொருத்துக் கூலியோட 1,900.

அது ஓட கரண்ட் எங்கிருந்து? பகல்ல வீணாப் போறதிலிருந்து. நல்ல நாள்ல 15 யூனிட் வருது, 9 யூனிட் செலவு, பேட்டரிக்குள்ள போய் வர்றதுல கொஞ்சம் நஷ்டம். மத்தியானம் பேட்டரி நிரம்பின பிறகு பலகை சும்மா நிக்குது. அந்த அஞ்சு யூனிட்டை யாரும் பயன்படுத்துறதில்ல. அறை குளிர்ந்த பிறகு 1 எச்பி ஏர்கோன் மணிக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலதான் எடுக்கும். காலை பதினொண்ணுலேயிருந்து நாலு மணி வரைக்கும் ஓட்டினாலும் 3 யூனிட்டுக்குள்ள அடங்கும். ராத்திரி பேட்டரியைத் தொடவே தொடாது. நம்ம இன்வெர்ட்டர்லயே இரண்டாவது லைன் ஒண்ணு இருக்கு. பேட்டரி நாம சொல்ற அளவுக்குக் கீழ போனா அந்த லைனை அதுவே துண்டிக்கும். ஏர்கோனை அந்த லைன்ல போட்டு, 80 விழுக்காட்டுக்குக் கீழ போனா தானா நிக்கிற மாதிரி வைப்போம். தலைவர் வந்து கேட்டாலும் ஓடாது, ஒய்பி வந்து கேட்டாலும் ஓடாது. மழை நாள்ல ஓடாது, மழை நாள்ல தேவையும் இல்ல.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைசுத்துற பாட்டி அங்க போய் உட்காரலாம். கைக்குழந்தையோட வர்ற தாய்மார் பால் கொடுக்கலாம். சனிக்கிழமை காலையில எஸ்பிஎம் பிள்ளைங்க படிக்கலாம். கூட்டத்துல மயங்கி விழுந்தவங்களைப் படுக்க வைக்க ஒரு இடம் இருக்கும்.

எல்லாம் சேர்த்து 13,560 வெள்ளி. கட்டட நிதியில 31,440 மிச்சம்.

அந்த மிச்சத்தை என்ன பண்றது? இதுதான் நாங்க சொல்ல வந்ததுல ரொம்ப முக்கியமானது. நம்ம கோயில் நிக்கிற நிலம் நம்ம பேர்ல இல்ல. தோட்டத்து நிலம். தாத்தா காலத்துல தோட்டத்துல வாயால சொல்லிக் கொடுத்த இடம், கையில பேப்பர் இல்ல. தோட்டக் கோயில்கள் பலதுலயும் இதே கதைதான்னு உங்களுக்கே தெரியும். 2018-ல சுபாங் ஜெயா சீபீல்ட் கோயில் விஷயமும், 2025-ல கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பத்ரகாளியம்மன் கோயில் விஷயமும் எங்கிருந்து ஆரம்பிச்சது? நிலம் யார் பேர்ல இருக்குங்கிற கேள்வியிலிருந்து. நம்ம நிலமும் ஒரு தடவை கைமாறிடுச்சு. இன்னொரு தடவை மாறாதுன்னு யாராவது எழுதிக் கொடுப்பாங்களா?

பலகை, பேட்டரி, ஃபேன், சின்ன ஏர்கோன் எல்லாத்தையும் நாளைக்கே கழட்டி லோரியில ஏத்தலாம். கண்ணாடிச் சுவரைக் கழட்ட முடியாது. 31,000 வெள்ளியை வழக்கறிஞருக்கும் நில அளவையாளருக்கும் ஒதுக்கி, நிலச் சொந்தக்காரரோட உட்கார்ந்து பேசி, எழுத்துல ஒரு ஒப்பந்தம் வாங்குவோம். நிலப் பத்திரம் கைக்கு வந்தா வெளிக் கரண்டுக்கும் விண்ணப்பம் போடலாம். வெளிக் கரண்ட் வந்தா அப்புறம் மண்டபத்துக்கு எத்தனை ஏர்கோன் வேணும்னாலும் போடுங்க, நாங்களே ஏணி பிடிக்கிறோம். நிலப் பத்திரம், வெளிக் கரண்ட், அதுக்கப்புறம் மண்டப ஏர்கோன். இந்த வரிசையிலதான் செய்யணும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல நாங்க மூணு கேட்கப் போறோம்.

ஒண்ணு, ஆறாவது விஷயத்தை வாக்கெடுப்புக்கு விடறதுக்கு முன்னாடி முழுச் செலவையும், பேட்டரி, பலகை, இன்வெர்ட்டர், கண்ணாடி எல்லாம் சேர்த்து, எழுத்துல உறுப்பினர்கள் முன்னால வைக்கணும். நம்ம கோயில் பதிவு பெற்ற சங்கம். கணக்கு கேக்கிறது உறுப்பினரோட உரிமை, அதைக் குறும்புன்னு யாரும் சொல்ல வேண்டாம்.

இரண்டு, கூரைக் காப்பு, ஃபேன், சின்ன அறை ஏர்கோன் திட்டத்தையும் சேர்த்து வாக்கெடுப்புக்கு விடணும்.

மூணு, கருவறை விளக்கு, இரவு விளக்கு, கேமரா, தண்ணி பம்ப், டியூஷன் விளக்கு இந்த அஞ்சுக்கும் பேட்டரியில முதல் உரிமைன்னு தீர்மானம் எழுதி, சுவிட்ச் பலகைக்குப் பக்கத்துல ஒட்டணும். எந்த நிர்வாகம் வந்தாலும் அது மாறக்கூடாது.

மூணுக்கும் கை தூக்க ஆள் வேணும். "எனக்கு ஏர்கோன் சோலார் எல்லாம் புரியாது தம்பி"ன்னு சொல்ற அக்காமாருக்கு ஒண்ணு சொல்றோம். உங்க வீட்டுல மாசச் சம்பளம் எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும்தானே? இதுவும் அதேதான். வரவு பதினஞ்சு, செலவு ஒன்பது, ராத்திரிக் கையிருப்பு எட்டு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு வந்தா போதும், கூட்டத்துல யாரும் உங்களை மடக்க முடியாது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. உறுப்பினர் அட்டையைக் கொண்டு வாங்க. சந்தா பாக்கி இருந்தா முதல்ல கட்டிடுங்க, இல்லன்னா வாக்கு கிடையாது. வர முடியாதவங்க வீட்டுல வேற உறுப்பினர் இருந்தா அவங்களை அனுப்புங்க. கணக்குல தப்பு இருந்தா கருத்துப் பகுதியில சொல்லுங்க, பலகை, பேட்டரி சீட்டெல்லாம் எங்ககிட்ட இருக்கு, காட்டறோம். மரியாதையா பேசுங்க, யாரையும் தனிப்பட்ட முறையில திட்டாதீங்க. அன்னதானம் பன்னிரண்டரை மணிக்கு, வழக்கம் போல மண்டபத்துல.

பகிருங்க, முக்கியமா டவுனுக்குக் குடிபோன நம்ம தோட்டத்து சனங்களுக்கு.

அம்மன் துணை.
ஆலயத் தொண்டர்கள்